திடீரென்று பாய்ந்து கடிக்கத் தொடங்கிய வீட்டுப் பூனையை என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம் இது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடி வீடு. கருத்தடை செய்யப்பட்ட 5 வயதுக் கடுவன் ஒன்றும், அதேபோலக் கருத்தடை செய்யப்பட்ட 3 வயதுப் பெட்டை ஒன்றும் இதுவரை ஒரே கூடையில் சுருண்டு படுத்து வந்திருக்கின்றன. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில் பால்கனியில் பெருஞ்சத்தம் கேட்டு ஓடிப் பார்த்தபோது, கடுவன் பெட்டையைப் புரட்டி அடித்துக்கொண்டிருந்தது. விலக்கப்போன மாமியாரின் முன்கையைக் கடித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அன்றிலிருந்து அது பெட்டையைக் கண்டாலே பாய்கிறது. இரவில் நடமாடுபவர்களின் கணுக்காலையும் கவ்வுகிறது. தண்ணீர் தெளித்தும் துடைப்பத்தால் தட்டியும் பயனில்லை. எதிர்க் கட்டடத்துச் சன்ஷேடில் கொஞ்ச நாளாக ஒரு தெருக் கடுவன் வந்து உட்காருகிறது என்று இடையில் ஒரு வரி இருக்கிறது. உறவினர்களோ, சாக்கில் போட்டுக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

போகிற போக்கில் எழுதிய அந்தச் சன்ஷேடு வரியில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்று எண்ணுகிறேன். ஆனால் அதற்குப் போகுமுன் மனிதருக்கு ஏற்பட்ட கடியையும் பூனையின் உடம்பையும் பார்த்தாக வேண்டும். இந்த இரண்டையும் தாண்டிவிட்டுப் பழக்கவழக்கத்தைத் திருத்த முயல்வதில் பொருளில்லை.

பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. வெளியே புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்வதால், பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் உள்ளேயே பெருகத் தொடங்கும். ஆகவே கடி பட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று எதையும் அப்பக் கூடாது. ஒரு நாளுக்குள் அந்த இடம் வீங்கிச் சிவந்து வலி ஏறினால், குறிப்பாகக் கையிலோ மூட்டருகிலோ அப்படி ஆனால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் வீக்கம் வரும்வரை காத்திருக்கவே கூடாது. பல் இறங்கிய எந்தக் கடிக்கும் உடனே காட்டி, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் டெட்டனஸ் ஊசியும் தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது வெறிநோய், அதாவது ரேபிஸ். நோய்கண்ட நாயோ பூனையோ, அதன் உமிழ்நீரில் கிருமி வெளிப்படத் தொடங்கிய சில நாட்களிலேயே இறந்துவிடும். கடித்த விலங்கை 10 நாள் கண்காணிக்கச் சொல்வதன் அடிப்படை அதுதான். உங்கள் கடுவன் மூன்று வாரங்களாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறதென்றால், மாமியாரைக் கடித்த அன்று அதற்கு வெறிநோய் இருந்திருக்க வாய்ப்பில்லை என்று கொள்ளலாம். ஆனால் நேற்றோ முந்தாநாளோ கணுக்காலில் பதிந்த பல்லுக்கு அந்தப் 10 நாள் கணக்கு இன்னும் முடியவில்லை. கணக்கு முடியட்டும் என்று கடிபட்டவருக்கான தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது தவறு. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பூனையைக் கண்காணிக்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் இந்த ஊசி போடப்படுகிறது. பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தையும் போட வேண்டியிருக்கும். பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, வெறிநோய்த் தடுப்பூசிக்கு நாள் கடந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போகும்போது அதையும் போட்டுவிடுங்கள்.

இனி பூனையின் உடம்பு. நன்றாக இருந்த பூனை திடீரென்று குணம் மாறினால், வேறு காரணம் கண்முன்னே இருந்தாலும்கூட, முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். வலியை மறைப்பது பூனையின் இயல்பு. அழாது, நொண்டாது, தொட்டால் மட்டும் கடிக்கும். இதற்கென்றே மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காதுகள் பக்கவாட்டில் சாய்ந்திருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை மயிர் விறைத்து நிற்கிறதா, தலை தோள்மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவது அதன் முறை. பூனை தூங்காமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது செல்போனில் முகத்தைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனை மேசையில் பயந்து விறைத்திருக்கும் பூனையின் முகத்தைவிட அந்தப் படம் அதிகம் சொல்லும்.

உங்கள் கடுவனிடம் நான் முதலில் தேடச் சொல்வது சீழ்க்கட்டியை. அன்று மாலை பால்கனிக் கம்பிக்கு வெளியே வேறொரு பூனை வந்திருந்தால், கம்பியிடுக்கில் ஒரு நகமோ பல்லோ பட்டிருக்கலாம். மயிருக்கடியில் அது தெரியாது; சில நாட்களில் வால் அடியிலோ கன்னத்திலோ முன்னங்காலிலோ சூடான வீக்கமாகத் திரளும். அடுத்தது பல். உணவை ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயிலெடுத்ததைக் கீழே போட்டுவிடுதல், முன்பு விரும்பிய உலர் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்புதல் ஆகியவை அறிகுறிகள். பல்லின் வேர்ப்பகுதி அரித்துப்போகும் நோய் பூனைகளுக்குச் சாதாரணமாக வருவது. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். மூட்டுத் தேய்மானமும் தைராய்டு மிகைச் சுரப்பும் 5 வயதில் அரிது என்றாலும், இதைப் படிக்கும் வேறொருவரின் பூனைக்கு 12 வயது ஆகியிருக்கலாம். அந்த வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பரிசீலித்த 2002 ஆய்வொன்றில் 90 விழுக்காட்டுப் பூனைகளிடம் மூட்டுச் சிதைவு தென்பட்டது. கிழப்பூனையைத் தூக்கும்போது அது கடித்தால், அதைக் குணக்கேடு என்று எழுதிவிடுவதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதுக்கு மேல் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போய், ஓயாமல் கத்தி, எரிச்சல்படும் பூனைக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஓர் அறிகுறிக்கு மட்டும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கடுவன் மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து வருகிறதென்றால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும்.

வலியோ என்ற சந்தேகத்தில் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்திலும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதே ஆபத்துதான். தயிர்சோறும் பாலும் மட்டுமே உண்டு வளரும் பூனைக்கு இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்தின் குறைவால் பார்வையும் இதயமும் கெடும். பச்சை மீனை மட்டுமே தொடர்ந்து தின்றால், சில மீன்வகைகள் தயமின் சத்தை அழித்து நரம்புக் கோளாற்றை உண்டாக்கும். உணவைப் பற்றி மருத்துவர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சென்னையில் தனியார் மருத்துவமனைகளின் செலவு கட்டுபடியாகாவிட்டால், வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் கூடையைத் துணியால் மூடி, நாய்களின் கண்ணில் படாமல் மேசை உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த மாலையில் நடந்ததை இப்படித்தான் நான் விளங்கிக்கொள்வேன். கடுவன் பால்கனிக் கம்பியருகே உட்கார்ந்திருந்தது. எதிரே சன்ஷேடில் அந்நியக் கடுவன். கண்ணின் பாவை விரிகிறது, காதுகள் பக்கவாட்டில் மடிகின்றன, வால் தரையில் அடிக்கிறது, அடித்தொண்டையிலிருந்து நீண்ட உறுமல் எழுகிறது. எதிரி கண்ணெதிரே இருக்கிறான். கம்பி இருப்பதால் பாய முடியாது, தன் எல்லை என்பதால் விலகவும் முடியாது. அந்த நிலையில் என்ன சத்தம் என்று பார்க்கப் பெட்டை பின்னாலிருந்து வந்து முகர்கிறது. திரும்பிய கணத்தில் கடுவனின் முன்னால் இருந்தது அதுதான். அடி அதற்கு விழுந்தது. அடுத்து நீண்ட கை மாமியாருடையது. கடி அதில் விழுந்தது. இவ்வாறு ஒருவர்மேல் மூண்ட சினம் இன்னொருவர்மேல் திரும்புவதைத் திசைமாறிய தாக்குதல் என்பார்கள். வீட்டுக்குள் நட்பாக இருந்த இரண்டு பூனைகள் ஒரே நாளில் பகையாவதற்கு மிகவும் வழக்கமான காரணங்களில் இது ஒன்று. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பூனையின்மேல் வேற்று மணம் வீசுவதால் மற்றது அடையாளம் தெரியாமல் சீறுவதும், தீபாவளி வெடிச் சத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து மிரண்டுபோவதும் இதற்கு நெருங்கிய உறவுடையவை.

பலரும் கவனிக்கத் தவறுவது இதற்குப் பின் நடப்பதைத்தான். பூனையின் கிளர்ச்சி எதிரி போனவுடன் அடங்குவதில்லை. சில மணிநேரம் நீடிக்கும், சில பூனைகளிடம் ஓரிரு நாள்கூட நீடிக்கும். அந்த இடைவெளியில், சண்டை ஓய்ந்துவிட்டது என்றெண்ணி இரண்டையும் ஒரே அறையில் விட்டுச் சமாதானம் செய்யப் பார்த்திருப்பீர்கள். அடிவாங்கிய பெட்டை இப்போது கடுவனைக் கண்டதும் சீறிவிட்டு ஓடுகிறது. ஓடுவது துரத்தலைத் தூண்டுகிறது. துரத்தல் அதன் அச்சத்தை உறுதி செய்கிறது. இப்படியாக மூன்று வாரங்களில், சன்ஷேடில் யாருமே இல்லாவிட்டாலும் தானாகவே நடக்கும் அளவுக்கு இந்தச் சண்டை பழகிப்போயிருக்கிறது. தண்ணீரும் துடைப்பமும் இதில் எண்ணெய் வார்த்திருக்கின்றன. கடுவனைப் பொறுத்தவரை, பெட்டை கண்ணில் படும்போதெல்லாம் தனக்கு ஏதோ துன்பம் நேர்கிறது, துடைப்பம் பிடித்த மனிதர் நெருங்கினால் வலிக்கிறது என்ற இரண்டு பாடங்கள்தாம் அதில் இருக்கின்றன. பூனை பழிவாங்குகிறது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை; அது பயந்திருக்கிறது, பயந்த விலங்கை அடித்துத் தைரியப்படுத்த முடியாது.

ஆகவே இன்றே இரண்டையும் முழுமையாகப் பிரித்துவிடுங்கள். ஒன்று படுக்கையறையில், மற்றது கூடத்தில். இருபுறமும் தனித்தனியே தண்ணீர், உணவு, மணல் தட்டு, ஏறி உட்கார உயரமான ஓர் இடம், நகம் கூர்தீட்ட ஒரு சாக்குத் துண்டு. இது தண்டனை அன்று என்பதால் இருட்டறையிலோ கழிவறையிலோ அடைக்க வேண்டாம். நடுவில் இருக்கும் கதவு முழுக் கதவாக, பார்வை கடக்காததாக இருக்க வேண்டும். பெட்டைக்கு வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள அறையைக் கொடுங்கள். அடிபட்டது அதுதான் என்பதைப் பலரும் மறந்துவிட்டுக் கடுவனையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே நாளில் சன்ஷேடுக் காட்சியையும் மறைக்க வேண்டும். பால்கனிக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் செய்தித்தாளோ, ஒளி மட்டும் புகும் ஸ்டிக்கரோ ஒட்டிவிடுங்கள். மாலை வேளைகளில் கதவைச் சாத்திவையுங்கள். கட்டடத்தில் யாராவது மாடிப்படியில் மிச்ச மீன் வைக்கிறார்களா என்று விசாரித்து, அதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். தெருக் கடுவன் உங்கள் வாசலில் சிறுநீர் தெளித்துவிட்டுப் போயிருந்தால் அந்த வாடையே உள்ளிருக்கும் பூனையைக் கிளப்பிவிடும்; அந்த இடத்தை என்சைம் கலந்த கிளீனரால் கழுவுங்கள். பினாயில் வேண்டாம். அதிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போனால் பூனைக்கு நஞ்சு. அந்தத் தெருக் கடுவனையும் விலங்குநலத் தொண்டர்கள் வழியாகப் பிடித்துக் கருத்தடை செய்துவிட முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. கருத்தடைக்குப் பின் சுற்றித் திரிவதும் சண்டையும் சிறுநீர் தெளிப்பதும் பெரும்பாலான கடுவன்களிடம் வெகுவாகக் குறைந்துவிடும். சென்னை போன்ற வெயில் பூமியில் பூனைகளின் இணைசேர் காலம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நீள்வதால், பருவம் முடிந்தால் தானே போய்விடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

சில நாட்கள் கழித்து, இரண்டும் தத்தம் அறையில் கால் நீட்டிப் படுத்து உறங்கி, வழக்கம்போலச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் அறிமுகம். முதலில் மணம். ஒரு பழைய துண்டால் கடுவனின் கன்னத்தைத் தடவி அதைப் பெட்டையின் உணவுத் தட்டருகே வையுங்கள். பெட்டையின் துண்டு கடுவனிடம் போகட்டும். முகர்ந்துவிட்டுச் சீறினால் துண்டைத் தட்டிலிருந்து தள்ளி வைத்து நாளுக்கு நாள் நெருக்குங்கள். அதன்பின் அறைகளை மாற்றி விடலாம்: ஒன்று மற்றதன் இடத்தில் ஒரு மணிநேரம் உலவிவிட்டு வரட்டும், எதிர்ப்படாமல். பின்னர் மூடிய கதவின் இருபுறமும் உணவு. தொடக்கத்தில் கதவிலிருந்து நாலைந்தடி தள்ளி, பிறகு மெல்ல மெல்லக் கதவையொட்டி.

இதற்கு அடுத்த கட்டத்துக்கு நம் வீடுகளில் ஒரு வசதி உண்டு, அது கொசுவலைக் கதவு. துணிவலையாக இருந்தால் கடுவன் கிழித்துவிடும். உலோக வலை போட்ட கதவுதான் சரி. அதன்மேல் ஒரு பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, இருபுறமும் உணவு வைத்து, நாளுக்கு ஓர் அங்குலமாக வேட்டியை உயர்த்திக்கொண்டே போனால், பூனைகள் முதலில் மற்றதன் பாதத்தையும் பிறகு மார்பையும் கடைசியில் கண்ணையும் பார்க்கும். கவனிக்க வேண்டியது வெறித்த பார்வை. சாப்பாட்டை விட்டுவிட்டு, உடல் அசையாமல், வால் நுனி மட்டும் துடிக்க ஒன்று மற்றதையே பார்த்தால், ஓர் அட்டையை இடையில் நுழைத்துப் பார்வையை மறைத்து அன்றைய அமர்வை முடித்துவிடுங்கள். மறுநாள் அதற்கு முந்தைய கட்டத்திலிருந்து தொடங்குங்கள். வலையின் இருபுறமும் இரண்டும் பல நாட்கள் நிம்மதியாகச் சாப்பிட்ட பிறகே வலையைத் திறந்து, ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என்று ஒரே அறையில் விட வேண்டும். இது சில வாரங்களில் முடியலாம். சில மாதங்களும் ஆகலாம். நாட்காட்டியைப் பார்த்துக் கட்டங்களைத் தாண்டியவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

மீண்டும் சண்டை மூண்டுவிட்டால் கையை நீட்டாதீர்கள், காலாலும் விலக்காதீர்கள். தலையணையையோ தடித்த அட்டையையோ இரண்டுக்கும் நடுவே இறக்குங்கள், அல்லது போர்வையைக் கடுவன்மேல் போட்டுவிட்டுப் பெட்டையை வெளியேறவிடுங்கள். பிடரியைப் பிடித்துத் தூக்குவது இன்னொரு கடிக்கே வழி.

இரவில் கணுக்காலைக் கவ்வுவது இதிலிருந்து ஓரளவு தனியான விஷயம். பால்கனியும் அடைபட்டு, விளையாட்டுத் தோழியும் இல்லாமற்போன வேட்டை விலங்கு அசையும் எதையும் துரத்தும். படுக்கப்போகுமுன் குச்சியில் கட்டிய இறகையோ துணியையோ இழுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் அதை நன்றாக ஓடவிட்டு, கடைசியில் அது பிடித்து வெற்றிபெறும்படி செய்து, உடனே இரவு உணவை வையுங்கள். வேட்டை, உணவு, உடல் நக்கல், உறக்கம் என்பதே பூனையின் இயற்கையான வரிசை. கையையோ காலையோ விளையாட்டுப் பொருளாக்கும் வழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அது அடியோடு நிற்க வேண்டும்.

மாமியாருக்கும் கடுவனுக்கும் இடையிலான பகையை மாமியார்தான் தீர்க்க வேண்டும், ஆனால் தொடாமல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்குகளைத் தூரத்தில் போட்டு, பூனையை நேராகப் பார்க்காமல் தன் வேலையைப் பார்க்கட்டும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். பூனை பார்க்கும்போது கண்களை மெதுவாக மூடித் திறந்தால், அது நெருங்கி வர வாய்ப்புக் கூடுகிறது என்று 2020-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது, செலவில்லாத முயற்சி. தானாக வந்து உரசினால் மட்டும் கன்னத்தில் இரண்டு மூன்று தடவல், பிறகு நிறுத்தம். முதுகுத்தோல் சுளித்தாலோ வால் வெட்டினாலோ அப்போதைக்கு அதுவே எல்லை.

இவை அனைத்தையும் முறையாகச் செய்தும் ஓரிரு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூக்ஸெட்டின் போன்றவை பலன் தர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இரண்டு நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவதற்கானவை அல்ல, சொல்லாமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கூடையைக் கண்டாலே வெறிகொள்ளும் பூனைக்கு, மருத்துவமனைக்குப் புறப்படுமுன் அமைதிப்படுத்தும் கபாபென்டின் மருந்தைக் கொடுப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அளவை மருத்துவர் எழுதித் தர வேண்டும். பூனையை அமைதிப்படுத்துவதாகச் சொல்லப்படும் மணப்பொருளைப் பரப்ப, சுவரில் செருகும் ஃபெலிவே போன்ற ஃபெரோமோன் கருவிகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் கலவையாகவே இருக்கின்றன. தீங்கில்லை, ஆனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனையும் வலைக்கதவும்தான்.

மீன் மார்க்கெட் யோசனையைப் பற்றி ஒன்று. வாழ வழியில்லாத இடத்தில் பசிக்கும் தாகத்துக்கும் இரையாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கான அபராதம் இன்னமும் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது சட்டத்தின் வெட்கக்கேடு. உங்கள் உறவினர்களை அது தடுக்கப்போவதில்லை. ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த 5 வயதுக் கடுவன், எல்லை வகுத்துக்கொண்ட தெருப்பூனைகளின் நடுவே எவ்வளவு நாள் தாங்கும் என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இரண்டும் இனி ஒரே வீட்டில் வாழ முடியாது என்ற நிலை சில வேளைகளில் உண்மையாகவே வரும். அப்போது அறைகளை நேரம் வைத்து மாற்றி மாற்றி வாழ்நாள் முழுவதும் பிரித்தே வளர்ப்பது ஒரு வழி. வேறு பூனையும் சிறு குழந்தையும் இல்லாத ஒரு வீட்டை இரண்டில் ஒன்றுக்குத் தேடுவது இன்னொரு வழி. அப்படிக் கொடுப்பதானால் கடித்த வரலாற்றை மறைக்காமல் சொல்லி, தடுப்பூசி அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் அது படுத்து மணம் ஏறிய பழைய துணியையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள்.